முட்டைக்குள்ளே என்ன வைக்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் திருப்போரூர் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரைக்கும் படித்தேன். வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைங்க, சாயங்காலம் தையல் மிஷின், இதுதான் என் பொழப்பு. மைக் முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. கை நடுங்குது, அதனால நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். தலைவியக்கா, "அந்த முட்டை ஆர்டர் கதையைச் சொல்லு, நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லு" என்றார்கள். கெட்டதையும் சொல்லச் சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன்.

எங்க குழு சுருக்குப்பை தைக்கும். நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது இல்லையா, அங்கே கண்காட்சியில் கடை போட்டிருந்தோம். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுக்க மயிலாப்பூர் அம்மாக்கள் நிறைய பேர் வாங்கினார்கள். அடையாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவும் 10 பை வாங்கி, எங்க போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள். போன வருஷம், 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்களிடமிருந்து போன் வந்தது. "ஈஸ்டர் முட்டைக்குள்ளே வைக்க ஏதாவது செஞ்சு தருவீங்களா? மிட்டாய், சாக்லேட் மட்டும் கூடாது" என்றார்கள்.

எனக்குப் புனித வெள்ளிக்கு லீவு விடுவார்கள் என்பது வரைக்கும்தான் தெரியும். முட்டை எதுக்கு என்று வெட்கப்படாமல் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலத்தில் முட்டையும் சாப்பிட மாட்டார்களாம். கோழி நிறுத்துமா, அது பாட்டுக்குப் போடும். நோன்பு முடிகிற ஈஸ்டர் அன்றைக்குச் சேர்ந்து கிடக்கிற முட்டைக்குச் சாயம் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். மூடின ஓடு கல்லறை மாதிரி, அது உடைந்து குஞ்சு வெளியே வருவது இயேசு உயிர்த்தெழுந்ததுக்கு அடையாளம் என்பார்களாம். இப்போது ரெண்டாகத் திறக்கிற பிளாஸ்டிக் முட்டை வந்துவிட்டது. அதற்குள் ஏதாவது வைத்துத் தோட்டத்தில் ஒளித்து விடுவார்கள், குழந்தைகள் தேடி எடுக்கும். சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் சில இடத்தில் இது நடக்கிறது. பேக்கரிகளில் சர்க்கரை முட்டை, சாக்லேட் முட்டை விற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, மிட்டாய் ஏன் வேண்டாம்? ஏப்ரல் வெயிலில் சாக்லேட் உருகும், செடி மறைவில் வைத்தால் எறும்பு முதலில் கண்டுபிடிக்கும். நான் அதுதான் காரணம் என்று நினைத்தேன். டீச்சரம்மா சொன்னது வேறே. அவர்கள் வகுப்பில் ஒரு பொண்ணுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. அதற்கு முந்தின வருஷம் எல்லாப் பிள்ளைகளும் முட்டையைத் திறந்து மிட்டாயை வாயில் போட, அந்தப் பொண்ணு மட்டும் முட்டையைத் திறக்காமலே கொண்டுவந்து, "நீங்களே வச்சுக்கோங்க மிஸ்" என்று கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்து கொண்டதாம். அவளுக்கு மட்டும் தனி முட்டை செய்யலாமே என்று கேட்டேன். "தனியா கொடுத்தா எல்லாரும் அதையே பார்ப்பாங்க. இந்த வருஷம் யாருக்குமே மிட்டாய் கிடையாது" என்றார்கள். எனக்கும் அதே வயதில் மகள் இருக்கிறாள். சரிங்க, செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். விலைகூட அப்புறம்தான் பேசினேன்.

160 முட்டை. காலி முட்டை அவர்களே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே வைப்பதற்கு முட்டைக்கு 25 ரூபாய். மொத்தம் 4,000 ரூபாய். வயது 2-லிருந்து 12 வரைக்கும்.

முட்டை வந்து சேர்ந்ததும்தான் கஷ்டம் புரிந்தது. நீளம் 6 சென்டிமீட்டர்தான். பென்சில் போகாது, பிள்ளைகள் வளையல் போகாது, கோயில் வாசலில் விற்கிற மண் சொப்பு போகாது. அறுபத்து மூவர் முடிந்த கையோடு சனிக்கிழமை நானும் எங்க பிரதிநிதியும் தி.நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் என்னதான் கிடைக்காது! பிளாட்பாரத்தில் அள்ளிக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணியில் போட்டால் ஊதுகிற கலர் மணி, பலூன், லைட் எரிகிற மோதிரம், குட்டிப் பந்து, எல்லாம் அஞ்சு, பத்து. வாங்கி அடைத்தால் அரை நாளில் வேலை முடிந்தது, பாதிக்குப் பாதி லாபம். பிரதிநிதி அதையே சொன்னாங்க. எனக்கும் ஆசைதான். ஆனால் நாம வாங்கி அடைத்துக் கொடுப்பதற்குக் குழு எதுக்கு, டீச்சரம்மாவே வாங்கிக்கொள்வார்களே என்று ஒரு தயக்கம். கடைசியில் லைட் மோதிரம் மட்டும் 2 டஜன், 240 ரூபாய்க்கு வாங்கினோம். மீதிக்குத் தையல் கடைகளில் எடை போட்டு விற்கிற காட்டன் பிட்டுத் துணி 350 ரூபாய்க்கு ஒரு மூட்டை. பஸ்ஸுக்குச் செலவில்லை, வெள்ளை போர்டு பஸ்ஸில் விடியல் பயணம்.

சித்திரை 1, ஏப்ரல் 14 அன்று பாயசத்தை முடித்துவிட்டு 6 பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பிட்டுத் துணியில் குட்டி மீன் தைத்து இலவம் பஞ்சு அடைத்தோம். கண்ணுக்கு என்ன வைப்பது? வேலி ஓரம் குன்றிமணிக் கொடி காய்ந்து கிடக்கிறது. சிவப்பில் கறுப்புப் பொட்டு, கண்ணுக்கென்றே செய்து வைத்த மாதிரி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது அதில்தானே. காசு செலவில்லை. சிலதில் கோந்து போட்டு ஒட்டினோம், ஒட்டாததை ஊசியால் ஓட்டை போட்டு நூலில் கோத்தோம். 110 மீன், பார்க்க அவ்வளவு அழகு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம், எல்லாரும் இதயம் அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கா? பெரிய பிள்ளைகளுக்குத் தாயக்கட்டம். அதற்குக் காயாகவும் குன்றிமணியையே போட்டோம்.

வியாழக்கிழமை சாயங்காலம். எல்லா முட்டையும் மூடி, மூணு அட்டைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. எங்க கிராம நர்ஸம்மா ஒரு கர்ப்பிணியைப் பார்க்க அந்த வழியா வந்தவங்க, "என்னம்மா கலர் கலரா?" என்று ஒரு முட்டையைத் திறந்தாங்க. மீனைத் திருப்பிப் பார்த்தாங்க. முகம் மாறிப் போச்சு. "இதை யார் வச்சது?" என்று கேட்டாங்க.

குன்றிமணிக்குள்ளே இருப்பது கடுமையான விஷம் என்றார்கள். எனக்கு ஒரு மாதிரி தெரியும், பாட்டி வாயில் போடாதே என்று அடிப்பாள். ஆனால் அது ஏதோ சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். நர்ஸம்மா விளக்கினாங்க. மேல் தோல் கெட்டி. முழுசாக முழுங்கினால் பல தடவை அப்படியே வெளியே வந்துவிடும், அதனால்தான் ஊரில் நிறைய பேருக்கு அதன் பயம் தெரியவில்லை. கடித்துவிட்டாலோ, ஓட்டை போட்டு விட்டாலோ உள்ளே இருக்கிற விஷம் வெளியே வரும். வாந்தி, ரத்தபேதி, அப்புறம் உயிருக்கே ஆபத்து. அதை முறிக்கத் தனி மருந்து கிடையாதாம். நாங்க என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஊசியால் ஓட்டை போட்டு, மீன் கண்ணாகத் தைத்து, எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிற ரெண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க அடுக்கி வைத்திருக்கிறோம்.

திண்ணையில் யாரும் பேசல. ஒருத்தி மட்டும், "பிள்ளையாருக்கு வைக்கிறோமே" என்றாள். "பிள்ளையார் தின்ன மாட்டார்" என்றாங்க நர்ஸம்மா. அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய.

அவங்க அதோடு விடவில்லை. லைட் மோதிரத்தைப் பல்லால் கடித்துத் திறந்து காட்டினாங்க. உள்ளே பொட்டு மாதிரி பட்டன் பேட்டரி. குழந்தை முழுங்கினால் அது தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். தண்ணியில் ஊதுகிற மணி வாங்கினீங்களா என்று கேட்டாங்க. இல்லை என்றோம். நல்லவேளை, அது வயிற்றுக்குள்ளே போனாலும் ஊதி, குடலை அடைத்துக்கொள்ளுமாம். உடைந்த பலூன் துண்டு மூச்சுக்குழாயை மூடிவிடும். பொதுவாக 3 வயசுக்குள்ளே இருக்கிற பிள்ளைக்கு, 3 சென்டிமீட்டர் அகல ஓட்டைக்குள் நுழைகிற எந்தப் பொருளும் கொடுக்கக் கூடாது. 10 ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்க துணி மீனும் அமுக்கினால் அதில் போகிறது. ஆக, கண்ணை எடுத்தாலும் சின்னப் பிள்ளைக்கு மீன் கிடையாது.

அவங்க போனதும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்: "டீச்சருக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடு." நியாயம்தான். சனிக்கிழமை கொண்டுபோகணும். ராத்திரி 7 மணி. ஆனால் முடியாது என்று சொன்னால் அவர்கள் கடைசி நேரத்தில் என்ன வாங்குவார்கள்? மிட்டாய்தான். அந்தப் பொண்ணு மறுபடியும் முட்டையைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் வரும். நான் போன் போட்டேன், ஆனால் உண்மையைச் சொல்லத்தான். குன்றிமணி வைத்ததையும், எடுக்கப் போவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சொன்னீங்களே, அது போதும். எது வைச்சாலும் ஒவ்வொண்ணா போட்டோ அனுப்புங்க" என்றார்கள். அந்த வாக்கியத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

அன்றைக்கு ராத்திரி 160 முட்டையையும் திறந்தோம். குன்றிமணியை எண்ணி எண்ணி எடுத்தோம், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதே. 110 மீனுக்கு 220, தாயக்கட்டத்துக்குப் போட்டது 200, மொத்தம் 420. எண்ணிக்கை சேர்ந்த பிறகுதான் தண்ணி குடித்தோம். குழி தோண்டி, எங்க வீட்டு ஆடு கிளறாத ஆழத்தில் புதைத்தோம். வேலியில் இருந்த கொடியை மறுநாள் வெட்டினோம்.

பிறகு மூணு கலராகப் பிரித்தோம். இதை ஆர்டர் எடுக்கிறவர்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

மஞ்சள் முட்டை 40, சின்னப் பிள்ளைகளுக்கு. பிட்டுத் துணியில் ஒரு முழச் சதுரத்துக்குக் கைக்குட்டை வெட்டி, ஓரம் அடித்து, சுருட்டி உள்ளே வைத்தோம். பட்டன் கிடையாது, மணி கிடையாது, தொங்குகிற நூல் கிடையாது. அவ்வளவு சின்ன முட்டைக்குள்ளேயிருந்து இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருக்கும். என் தங்கை பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தோம். ஏழு தடவை திரும்ப அடைக்கச் சொன்னான். ஒரு கைக்குட்டைக்கு எங்களுக்கு ஆன செலவு 5, 6 ரூபாய்.

பச்சை முட்டை 70, அஞ்சிலிருந்து எட்டு வயது வரை. இதில்தான் மீன், கண்ணைக் கறுப்பு நூலால் முடிச்சுத் தையல் போட்டு. கூடவே ஒரு விடுகதைச் சீட்டு. கேள்வி ஒரு முட்டையில், விடை இன்னொரு முட்டையில். இது எங்க குழுவில் வயதில் மூத்த பெரியம்மா சொன்ன யோசனை, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 35 விடுகதையும் அவங்க வாயால் சொல்ல நான் எழுதினேன். விடை வைத்திருக்கிற பிள்ளையைத் தேடித்தான் ஆகணும், அதனால் முட்டை தேடி முடித்த பிறகும் விளையாட்டு முடியாது. செலவு ஜெராக்ஸ் காசுதான். மிச்சமான மீன்களை எங்க பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

நீல முட்டை 50, ஒன்பது வயதுக்கு மேலே. கட்டம் வரைந்த துணி, காய்க்குப் பழைய சட்டையிலிருந்து வெட்டின பட்டன் ரெண்டு நிறத்தில், தாயக்கட்டைக்குப் பதில் நாலு புளியங்கொட்டை. நம்ம அம்மாக்கள் செய்தது போல ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினோம். 200 கொட்டை. தேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், விரல் தோல் போய்விடும். வெள்ளிக்கிழமை முழுக்க அதுதான் வேலை, எங்க பிள்ளைகளும் உட்கார்ந்து தேய்த்தார்கள். அதோடு ஒரு சிட்டிகைக் கீரை விதை காகிதப் பொட்டலத்தில். தொட்டியில் தூவித் தண்ணி தெளித்தால் நாலஞ்சு நாளில் முளைவிடும், அடையாறு ஃபிளாட் பால்கனியிலும் வரும். விதையும் நம்ம தோட்டத்தில் எடுத்ததாக இருக்கணும். கடையில் விதைக்கென்று விற்பதில் மருந்து கலந்து சிவப்பாக இருக்கும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் டீச்சரம்மா சொல்லித்தான் தெரிந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டாம். பொம்மை செய்து விற்கலாம் என்று நினைக்கிற குழுக்கள் அந்தப் பதிவை முதலில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். கைக்குட்டை, விதை, விடுகதைச் சீட்டு என்றால் இந்தத் தொல்லை குறைவு.

இப்போ கணக்கு. வரவு 4,000. பிட்டுத் துணி 350, நூல், பஞ்சு, கோந்து 180, ஜெராக்ஸ் 70, டீ, பன் 130, அடையாறில் இறங்கிப் பெட்டியோடு போக ஷேர் ஆட்டோ 50, லைட் மோதிரம் 240. மொத்தம் 1,020. மீதி 2,980. ஆளுக்கு 480 எடுத்துக்கொண்டு 100 ரூபாயைக் குழுவில் போட்டோம். அஞ்சு நாள் வேலைக்கு 480 குறைச்சல்தான், மழுப்ப மாட்டேன். பாதி வேலையை ரெண்டு தடவை செய்தோம், அதற்கு யார் காசு கொடுப்பார்கள். லைட் மோதிரம் 240-ஐ நஷ்டம் என்று எங்க நோட்டில் தனியாக எழுதியிருக்கிறது. அதைச் செலவோடு சேர்த்து மறைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது, ஊக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை முட்டைக்கு 35 கேட்பதாக இருக்கிறோம். நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து வீடுகளில் கொலு பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இதையே சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தோம். அங்கே பிளாஸ்டிக் முட்டையும் தேவையில்லை. 60 பை போனது. பிறந்த நாளுக்கும் ஒருத்தர் கேட்டார்கள்.

ஈஸ்டர் அன்றைக்கு, ஏப்ரல் 20 ஞாயிறு, எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு குன்றிமணி தப்பியிருந்தால்? எண்ணினோம், 420 சரியாக இருந்தது, இருந்தாலும் மனசு கேட்கணுமே. மத்தியானம் ரெண்டு மணிக்கு டீச்சரம்மா நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஒரு சின்னக் குரல். "ஆன்ட்டி, நாலு புளியங்கொட்டையும் கறுப்பா விழுந்தா எத்தனை? இவன் பன்னிரண்டுன்னு சொல்றான், ஏமாத்துறான்." பின்னாடி ஒரே கூச்சல். நான், "எங்க ஊர்க் கணக்குக்கு எட்டும்மா, சில ஊர்ல பன்னிரண்டு" என்றேன். "அப்போ எட்டு!" என்று கத்திக்கொண்டே போனைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது. டீச்சரம்மா போனை வாங்கி, "அவதான்" என்று மட்டும் சொன்னார்கள்.

மீதி விதைப் பொட்டலங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.